ஆடி அமாவாசைக்கு மீன்குழம்பு

உடுவிலில் எனக்குத் தெரிந்த சைவ வீடுகளில் ஆடி அமாவாசைக்கு மீன் சமைக்கிற வீடு ஒன்றே ஒன்றுதான். அது என் அக்கா குணலட்சுமியின் வீடு. தகப்பனை இழந்த ஆண்பிள்ளைகள் எல்லாரும் அன்றைக்கு வெறும் வயிற்றோடு கீரிமலைக்குப் போய், தகப்பனுக்குப் பிண்டம் வைத்து, கடலில் தலை முழுகிவிட்டு வந்து, காத்தோட்டிக்காய்ப் பொரியலோடு மரக்கறிச் சோறு சாப்பிடுவார்கள். அந்தக் காயின் கசப்பு வருடத்தில் அந்த ஒரு நாள்தான் நாக்கில் படும். வீடுகளுக்கு இடையில் போகிற ஒழுங்கையெல்லாம் பொரியல் மணக்கிற நேரத்தில் அக்காவின் குசினியில் விளைமீன் குழம்பு கொதிக்கும். ஒளித்து மறைத்து அல்ல, யன்னலை அகலத் திறந்து வைத்துத்தான் சமைப்பாள்.

சனம் கதைக்கும்தான். கதைக்கிற சனத்துக்கு நான் இரண்டொரு தடவை நல்ல பதில் கொடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு எனக்குக் கேட்கக் கதைப்பதில்லை. நான் வான் ஓட்டுகிறவன். ஊரில் எல்லாருக்கும் ஒரு நாளைக்கு என் வான் தேவைப்படும் என்பதால் என்னை யாரும் பெரிதாகப் பகைத்துக்கொள்வதில்லை.

அக்காவின் புருஷன் தவபாலன் தண்ணீர் இறைக்கிற மோட்டர் திருத்துகிறவர். அதிகம் கதைக்க மாட்டார், சிரிக்கிறதும் குறைவு, ஆனால் ஒரு தோட்டக்காரனையும் பயிர் வாட விட்டதில்லை. இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு ஒரு பின்னேரம், திருத்தி முடித்த மோட்டரைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு, கொடுத்துவிட்டு வாறன் என்று போனார். மோட்டரும் போய்ச் சேரவில்லை, சைக்கிளும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் அப்படி வராமல் போனவர்கள் பலர். யாரிடம் கேட்டாலும் தெரியாது என்றார்கள். அக்கா கேட்காத இடமில்லை. மகன் மயூரதன் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

அடுத்த வருடம் ஆடி அமாவாசைக்கு முதல் நாள் எங்கள் சின்னம்மா ஒருத்தி கூடை நிறையக் காத்தோட்டிக்காயோடு வந்தாள். நல்ல மனத்தோடுதான் வந்தாள், ஆனால் வாய்க்குப் பூட்டில்லாத மனுசி. "இனிப் பெடியன் விரதம் பிடிக்கத்தானே வேணும், குணம்" என்றாள். அக்கா கூடையை வாங்கி, வேலிக்கு மேலால் ஒழுங்கையில் கவிழ்த்துவிட்டு, வெறுங்கூடையைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்த நாள் காலையில் மகனுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்தாள்.

"என்ரை பிள்ளைக்குத் தகப்பன் இருக்கிறார். தகப்பன் இருக்கிற பிள்ளை ஆடி அமாவாசை பிடிக்கிறதில்லை" என்று என்னிடம் சொன்னாள். அன்று தொடங்கிய மீன்குழம்பு அது.

அவள் நெற்றியில் குங்குமப் பொட்டு ஒரு நாளும் சிறிதானதில்லை. அத்தானின் படம் சுவரில் இருக்கிறது, ஆனால் மாலை இல்லை, விளக்கு இல்லை. கல்யாண வீட்டில் எடுத்த படங்களோடு சேர்த்துக் கொழுவியிருக்கிறாள். கொஞ்சக் காலம் தெருவோரப் போராட்டக் கொட்டகையில், காணாமல் போனவர்களைத் தேடுகிற மற்றத் தாய்மாரோடு படத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போகத் தொடங்கியதும் வீட்டிலேயே இருந்து காத்திருப்பது என்று வந்துவிட்டாள். மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்துத் தூளாக்கி விற்றுத்தான் மகனைப் படிப்பித்தாள், பிறகு கனடாவுக்கும் அனுப்பினாள். வறுக்கிற புகையில் அவள் இருமாத நாள் இல்லை. அந்தத் தூளை வாங்கிக்கொண்டு போய் ஊரைப் புகழ்ந்து கதைக்கிற வெளிநாட்டுச் சனத்துக்கு அந்த இருமல் கேட்காது.

போன வருடம் அங்கே கோடை விடுமுறை விட்டதும் மயூரதன் மனைவி பிரசாந்தியோடும் மகள் கோபிகாவோடும் வந்தான். இதற்கு முதல் ஒரு தடவை மார்கழியில் வந்து போனவன். ஆடி மாதத்தில் அவன் வீட்டில் நின்றது கனடா போன பிறகு அதுதான் முதல் தரம். அவர்கள் திரும்பிப் போவதற்கு முந்திய சனி ஞாயிறில் ஆடி அமாவாசை ஞாயிற்றுக்கிழமையாக வந்து விழுந்தது.

அக்கா அதைக் கலண்டரில் பார்த்த நாளிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். "தம்பி, இந்தமுறை அவன் எனக்கு முன்னாலை இருந்து அந்த மீனைச் சாப்பிடுவான்" என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் இதென்ன பெரிய விசயம் என்று கேட்டிருப்பேன். அவளுக்கு அது பெரிய விசயம் என்று எனக்குத் தெரியும். அவன் தன் கையால் அந்த மீனை எடுத்துச் சாப்பிட்டால், அவனும் தகப்பன் வருவார் என்று நினைக்கிறான் என்று அர்த்தம். அவளோடு சேர்ந்து காத்திருக்க உலகத்தில் இன்னொரு ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

சனிக்கிழமை பொழுது விடியாத வெள்ளாப்பிலேயே என்னைக் கூப்பிட்டுவிட்டாள். வெளிநாட்டுக்காரர் போகப் போகிற நேரத்தில்தான் வீட்டில் இருக்கிற வேலை எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும், கூரையில் உரசுகிற முருங்கைக் கொப்பை வெட்ட வேண்டும், குளியலறைப் பைப் ஒழுகுகிறது, காஸ் சிலிண்டர் மாற்ற வேண்டும். மயூரதன் சும்மா சொல்லக்கூடாது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தான். அங்கே கணினிக்கு முன்னால் இருக்கிற வேலை என்றாலும் தேய்க்கிறதில் தகப்பனுடைய கைதான். பிரசாந்தி தூள் பைகளைச் சூட்கேசுக்குள் அடுக்கி, நிறுத்துப் பார்த்து, திருப்பி எடுத்து, திருப்பி அடுக்கிக்கொண்டிருந்தாள். கரவெட்டிப் பிள்ளை அவள். குரல் உயராது, ஆனால் செய்ய நினைத்ததைச் செய்து முடிப்பாள். சின்னவள் கோபிகா பூனையைத் துரத்திக்கொண்டு திரிந்தாள்.

பின்னேரம் அவன் கோல்ஃப் விளையாடப் போக வேண்டும் என்றான்.

இந்தக் கோல்ஃப் கதையை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். விமானத்துக்கு மேலதிகக் கட்டணம் கட்டி, ஓர் ஆள் உயரப் பைக்குள் இரும்புக் கம்புகளை நிரப்பிக் கொண்டுவந்திருந்தான். என் வானுக்குள் அந்தப் பை எனக்குப் பக்கத்து இருக்கையில் பெரிய மனுசன் மாதிரிச் சாய்ந்திருந்துதான் வந்தது. காங்கேசன்துறைக்குக் கிட்டக் கடற்கரையோரம் ஒரு தங்குமிடத்தின் பின்பக்கத்தில் புல் வளர்த்துச் சின்னதாக ஒரு கோல்ஃப் திடல் வைத்திருக்கிறார்களாம். எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். லண்டனில் இருந்து வந்து நின்ற அவனுடைய கூட்டாளி ஜெயசுதனும் அங்கே வருவதாக ஏற்பாடு. தோட்டத்துக்கு விட வேண்டிய தண்ணீரைப் புல்லுக்கு விட்டு, அதற்கு மேல் ஒரு பந்தைத் தூர அடித்துவிட்டு, பிறகு அதைத் தேடிக்கொண்டு நடக்கிறதை விளையாட்டு என்று சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

அக்காவும் வரப் போவதாகச் சொன்னாள். மகன் என்ன விளையாடுகிறான் என்று பார்க்க வேண்டுமாம். வடை சுட்டு, தேத்தண்ணியைப் போத்தலில் விட்டு, நல்ல சேலை உடுத்து, கோயிலுக்குப் போகிறது மாதிரி வெளிக்கிட்டாள். எல்லாருமாகப் போனோம்.

வெயில் சாய்ந்தும் வெக்கை போகவில்லை. கடல் காற்று உப்போடு அடித்தது. மயூரதன் ஓங்கி அடித்த முதல் பந்தே புல்லைத் தாண்டித் தாழம்பற்றைக்குள் போய் விழுந்தது. அவனும் ஜெயசுதனும் போய்ப் பற்றையைக் கம்பால் கிண்டினார்கள். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தானும் இறங்கினாள். கொஞ்ச நேரத்தில் மயூரதன் நிமிர்ந்தான்.

"விடுங்கோம்மா. அது போட்டுது."

"எங்கை போறது? இஞ்சைதான் கிடக்கும்."

"மூண்டு நிமிசம்தான் தேடலாம். அதுக்குப் பிறகு தொலைஞ்சதெண்டு கணக்கு. வேறை பந்து வைச்சு அடிக்கோணும்."

அக்கா பற்றைக்குள் குனிந்தபடியே கேட்டாள். "தேடிக்கொண்டிருக்கேக்கை ஆர் உதுக்கு நேரம் பாக்கிறது?"

"அதுதான் சட்டம், மாமி" என்று ஜெயசுதன் சிரித்துக்கொண்டு சொன்னான். "இல்லாட்டிப் பின்னாலை வாற ஆக்கள் எல்லாரும் காத்துக்கொண்டு நிக்கோணும்."

அவன் பாவம், ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை. மயூரதனின் முகம் கறுத்துப்போனதை நான் பார்த்தேன். அவன் இன்னொரு பந்தை எடுத்து வைத்து அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். அக்கா நின்றுவிட்டாள். நானும் கூப்பிட்டேன், பிரசாந்தியும் கூப்பிட்டாள். "நீங்கள் போங்கோ, நான் வாறன்" என்றாள். அவர்கள் திடலின் அடுத்த முனைக்குப் போய், அங்கே நின்று அடித்து, சிரித்து, ஏதோ எண்ணி, திரும்பியும் வந்துவிட்டார்கள். சின்னவள் வடை எல்லாம் தின்று முடித்துவிட்டாள். பொழுது கடலுக்குள் இறங்கப் போகிற நேரத்தில் அக்கா தாழம்பற்றைக்குள் இருந்து வெளியே வந்தாள். இரண்டு கையிலும் முள் கீறி இரத்தம். உள்ளங்கையில் அந்தப் பந்து இருந்தது.

"இந்தா மோனை."

"இது இனிக் கணக்கில்லையம்மா" என்றான் மயூரதன்.

"கிடைச்சது கிடைச்சதுதானே. என்ன கணக்கில்லை?"

அவன் பந்தை வாங்கிப் பார்த்துவிட்டு அவள் கையிலேயே திருப்பி வைத்தான். அவள் அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். எனக்கு ஏனென்று தெரியாமல் அந்த இடத்தின் மேலேயே கோபம் வந்தது. வெளிக்கிடுவோம் என்று எல்லாரையும் விரட்டி வானில் ஏற்றினேன்.

திரும்புகிற வழியில் மயிலிட்டியில் நிறுத்தச் சொன்னாள். வள்ளங்கள் வந்திருந்தன. அடுத்த நாள் அமாவாசை என்றபடியால் சைவச் சனம் குறைவு, மீன் மலிவு. எனக்கு விடிந்தால் விரதம், மீன் வாடையே பிடிக்காது. ஆனாலும் அவளோடு இறங்கிப் போய் நின்றேன். செவுளைத் தூக்கிப் பார்த்து, கண்ணை அமத்திப் பார்த்து, விற்கிற மனுசியோடு சண்டை பிடித்து, நல்ல விளைமீன் ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். மயூரதன் வானை விட்டு இறங்கவில்லை.

"அம்மா, நாளைக்கு மீன் வேண்டாமே. மரக்கறியாச் சமையுங்கோவன்" என்றான் யன்னலால்.

"ஏன்?"

"வயிறு கொஞ்சம் சரியில்லை."

"விளைமீன் வயித்துக்கு ஒண்டும் செய்யாது" என்றாள் அக்கா. கதை அதோடு முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிய, எங்கள் தகப்பன் கதிரவேலருக்குச் செய்ய நான் கீரிமலைக்கு வெளிக்கிட்டேன். வருடா வருடம் நான்தான் செய்கிறது. வானை எடுக்கிற நேரம் மயூரதனிடமிருந்து அழைப்பு வந்தது. தன்னையும் ஏற்றிக்கொண்டு போய்க் கோல்ஃப் திடலில் இறக்கிவிடட்டாம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊரெல்லாம் செத்தவர்களை நினைத்து முழுகப் போகிற நாளில் இவனுக்குப் பந்தடி கேட்கிறது. சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். ஆனால் அக்கா படலையடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

"விடு தம்பி, அவனுக்கு இண்டைக்கு ஒரு விசேசமும் இல்லைத்தானே. விளையாடட்டும். மத்தியானத்துக்கு முதல் கொண்டுவந்து விட்டிடு."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டு கன காலம். மகன் ஆடி அமாவாசையன்று விளையாடப் போகிறான் என்றால் அவனுக்குத் தகப்பன் இருக்கிறார் என்றுதானே ஊர் நினைக்கும். தேத்தண்ணிக் கோப்பையை அவனிடம் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போனாள். அவன் அதைக் குடிக்கவில்லை. குரோட்டன் செடியின் அடியில் ஊற்றிவிட்டு, வெறுங்கோப்பையை மதிலில் வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினான்.

தெல்லிப்பழை தாண்டினோம். திடலுக்குத் திரும்புகிற சந்தி வந்தது.

"நேரை விடுங்கோ மாமா. கீரிமலைக்குத்தான்."

கீரிமலையில் வானை நிறுத்தினதும் அவன் அந்தப் பையின் சிப்பைத் திறந்தான். இரும்புக் கம்புகளுக்கு நடுவில் சுருட்டி வைத்த வேட்டி இருந்தது.

நான் அவனைப் பேசினது பேச்சு. அக்கம்பக்கத்தில் நின்ற ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "கொம்மா உயிரோடை இருக்கேக்கை, பொட்டோடை இருக்கேக்கை, நீ என்ன வேலையடா செய்யிறாய்? அவவுக்குத் தெரிஞ்சால் என்ன நடக்கும் எண்டு யோசிச்சனியோ?"

"தெரியக் கூடாது மாமா. அதுக்குத்தான் உந்தப் பை."

"எத்தினை வருசமா உந்தக் கூத்து?"

"கோபிகா பிறந்ததிலை இருந்து. அங்கை கோயிலிலை செய்யிறனான். பிரசாந்திக்கு மட்டும்தான் தெரியும்."

அவன் வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஆஸ்பத்திரியிலை பிள்ளையைத் துணியிலை சுத்தி என்ரை கையிலை தந்திச்சினம். அண்டைக்குத்தான் மாமா விளங்கினது. அப்பா உயிரோடை எங்கையாவது இருந்திருந்தால், கால் இல்லாட்டிலும் தவண்டெண்டாலும் என்னட்டை வந்திருப்பார். ஒரு தகப்பனாலை வராமல் இருக்க ஏலாது. அவர் வரேல்லை எண்டால் அவர் இல்லை. அதுக்குப் பிறகு அவரை ஒரு வாய் தண்ணிக்குக் காக்க வைக்க எனக்கு மனம் வரேல்லை."

நானும் எத்தனையோ வருடமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. சொன்னால் அவரைக் கொன்றது நான் என்று ஆகிவிடும் என்று ஒரு பயம்.

கடற்கரை முழுக்கச் சனம். குருமார் வரிசையாக இருந்து செய்வித்தார்கள். நானும் அவனும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். தர்ப்பை மோதிரம் போட்டு, எள்ளும் தண்ணியும் கையில் ஊற்றி, ஐயர் கேட்டார்.

"தேப்பன்ரை பேர்?"

"கதிரவேலு" என்றேன் நான்.

அவர் அவனைப் பார்த்தார். அவன் "தவபாலன்" என்றான். ஐயருக்கு அது இன்னொரு பெயர். மந்திரத்துக்குள் அதையும் சேர்த்துக்கொண்டு போய்விட்டார். செத்த மனிதருடைய பெயராக அத்தானின் பெயர் என் காதில் விழுந்தது அன்றைக்குத்தான். நான் என் தகப்பனுக்குச் செய்ய வந்துவிட்டு அத்தானுக்காக அழுதேன். பிண்டத்தைக் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டு இருவரும் முழுகினோம்.

திரும்பும்போது வானுக்குள் இருந்து சட்டையை மாட்டி, நெற்றித் திருநீற்றைத் துவாயால் அழுத்தித் துடைத்தான். ஈர வேட்டியைப் பைக்குள் கம்புகளுக்கு அடியில் தள்ளினான். "நல்லா விளையாடினாய் எண்டு சொல்லட்டோ" என்று கேட்டேன். எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

அக்கா வீட்டு ஒழுங்கையில் திரும்பும்போதே மீன்குழம்பு மணத்தது. என்னுடைய சாப்பாடு என் வீட்டில். மனைவி காத்தோட்டிக்காய் பொரித்து வைத்துக்கொண்டு பார்த்திருப்பாள். ஆனால் என்னால் அவனை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியவில்லை. தேசிக்காய்த் தண்ணியும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குசினி வாசலில் நின்றேன்.

அக்கா அவனை இருத்திச் சோறு போட்டாள். நடுத்துண்டைத் தெரிந்தெடுத்துக் குழம்போடு ஊற்றினாள். பிறகு தானும் எதிரில் இருந்துகொண்டு அவனையே பார்த்தாள். பிரசாந்தி மகளுக்கு ஊட்டுகிற சாட்டில் தலையைக் குனிந்துகொண்டாள். விடியத் தொடக்கம் ஒரு வாய் தண்ணீர் குடியாதவன் அவன். தகப்பனுக்குப் பிண்டம் வைத்த கை இன்னும் ஊறி வெளிறித்தான் கிடந்தது. அந்தக் கையால் மீனை எடுத்தான். முள்ளைப் பார்த்துப் பார்த்து எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டான்.

"நல்லா இருக்கோ மோனை?"

"ஓம் அம்மா. இன்னும் கொஞ்சக் குழம்பு விடுங்கோ."

விரதகாரன் ஒருவன் பிண்டம் வைத்துவிட்டு வந்து மீன் தின்பதை என் கண்ணால் பார்த்தேன். வேறு யாரும் என்றால் அடுத்த பிறவி வரைக்கும் சாபம் போட்டிருப்பேன். அன்றைக்கு எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. அக்கா அவன் சாப்பிட்டு முடித்த தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அவள் நடையில் ஒரு ஆறுதல் தெரிந்தது. நான் வீட்டுக்குப் போய்க் காத்தோட்டிக்காயை வைத்துச் சாப்பிட்டேன், அந்த வருடம் அதன் கசப்புக்கூட எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை அவர்களைக் கொழும்புக்கு ஏற்றிப் போக வந்தேன். படலையைத் திறந்ததும் கால் நின்றுவிட்டது. முற்றத்துக் கொடியில், தெருவில் போகிறவனுக்கும் தெரிகிற மாதிரி, அந்த வேட்டி தொங்கிக்கொண்டிருந்தது. அலசி, நீலம் போட்டு, சுருக்கம் இல்லாமல் இழுத்துக் காயப் போட்டிருந்தாள். பக்கத்தில் அந்தக் கோல்ஃப் பை வாயைத் திறந்தபடி வெயிலில் கிடந்தது. ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடிக்கும் என்று காய வைக்கத் திறந்திருக்கிறாள்.

மயூரதன் சூட்கேசை இழுத்துக்கொண்டு வெளியே வந்தவன் கொடியைக் கண்டதும் அப்படியே நின்றான். அக்கா வேட்டியை எடுத்து உதறி நாலாக மடித்தாள்.

"கரையெல்லாம் உப்பு" என்றாள். "கடல் தண்ணியிலை நனைஞ்சால் உடனை அலசிப் போடோணும், மோனை. இல்லாட்டித் துணி உக்கிப் போயிடும்."

"அம்மா..."

"தேத்தண்ணியையும் குரோட்டனுக்கு விட்டிட்டாய். எறும்பு மொய்ச்சுக் கிடக்கு." வேட்டியைத் தூள் பைகளுக்கு மேலே வைத்துச் சூட்கேசைப் பூட்டினாள். "வெறும் வயித்தோடை வந்திருந்து மீனைத் திண்டனி. ஏன்டா அப்பிடிச் செய்தனி?"

அவன் முற்றத்து மண்ணிலேயே அவள் காலடியில் இருந்துவிட்டான். கனடாவில் வீடும் வேலையும் பிள்ளையும் உள்ளவன், பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். அக்கா அவன் தலையில் கையை வைத்தபடி நின்றாள். அந்தக் கையில் தாழை முள் கீறின காயம் கறுத்துக் கிடந்தது. அவள் அழவில்லை. நான்தான் பையைத் தூக்குகிற சாட்டில் வானுக்குப் பின்னால் போய் நின்றேன்.

அவர்களைக் கொழும்பில் இறக்கிவிட்டேன். நான் திரும்பி வந்து அக்காவைப் பார்த்தபோது வழமைபோல மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தாள். பொட்டு இருந்தது. அத்தானின் படத்துக்கு மாலை ஏறவில்லை. அந்தப் பந்து மட்டும் படத்துக்குக் கீழே அலுமாரித் தட்டில் இருந்தது.

இந்த வருடம் ஆனி மாதம் நடுப்பகுதியில் என்னைக் கூப்பிட்டு ஒரு பொதி தந்தாள். மயூரதனுக்கு அனுப்ப வேண்டுமாம். திறந்து காட்டினாள். காத்தோட்டிக்காயை வெட்டி, உப்புப் போட்டு, வெயிலில் காய வைத்த வத்தல்.

"அங்கை பச்சையாக் கிடைக்குதோ தெரியாது. பிரசாந்தியைப் பொரிச்சுக் குடுக்கச் சொல்லு. அதில்லாமல் விரதம் நிறையாது" என்றாள்.

ஒருவழியாக அவள் மனம் ஆறிவிட்டது, இனிமேல் காத்திருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். அது நல்லதா கெட்டதா என்று எனக்கே தெரியவில்லை. யாரோ ஒருவரைக் கடைசியாக வழியனுப்பிவிட்டு வருகிறவன் மாதிரித்தான் பொதியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஆடி அமாவாசையன்று கீரிமலையில் முழுகிவிட்டு வரும்போது ஒழுங்கையில் எனக்கு அந்த மணம் அடித்தது. வானை நிறுத்தினேன். யன்னல் திறந்திருந்தது. அடுப்பில் விளைமீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, அக்கா அகப்பையோடு நின்றாள்.

"என்னக்கா இது? பெடியனுக்குக் காத்தோட்டிக்காய் அனுப்பினனி. பிறகும் மீனோ?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பொட்டு வியர்வையில் கொஞ்சம் கரைந்திருந்தது.

"அவனுக்குத் தகப்பன் இல்லை, தம்பி" என்றாள். "எனக்குப் புருசன் இருக்கிறார்."

சொல்லிவிட்டுக் குழம்பை இறக்கி வைத்தாள்.